நடக்கும்போது மரக்கும் கால்: முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை பற்றி

முத்தியால்பேட்டைப் பக்கம் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, மூத்த நெசவாளர் ஒருவர் முதுகு ஆப்பரேஷனுக்கென்று கடன் மனு எழுதி வைத்திருந்தார். “தறியில் குனிந்து உட்கார்ந்தால் நோவில்லை, ஐயா. சைக்கிளிலும் போய் வருவேன். சங்கம் வரை நடந்தால்தான் கால் இரண்டும் மரத்துப் போகின்றன” என்றார். இந்நோயின் அடையாளத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்வதற்கில்லை.

முதுகெலும்பின் உள்ளே நரம்புகள் செல்லும் குழல் ஒன்றுண்டு. வயது ஏற ஏற, எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுக்கள் தேய்ந்து பிதுங்கும், மூட்டுக்கள் பருக்கும், பின்புற நார் தடிக்கும். குழல் நெருங்கி நரம்பை அழுத்தும். நிமிர்ந்தால் நெருக்கம் மிகும். குனிந்தால் சற்றே விரியும். தறியும் சைக்கிளும் அவருக்கு நோகாததன் காரணம் இதுவே. (காலின் இரத்தக் குழாய் அடைபட்டவருக்கோ சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும். புகை பிடிப்போர் கவனிக்க.) புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைமாறிய 1954-ஆம் ஆண்டிலேதான், ஹாலந்து நாட்டு டாக்டர் வெர்பீஸ்ட் இந்நோயை விரிவாக விளக்கி எழுதினார்.

அறுவை முறைகளில் முதன்மையானது, எலும்பின் பின் தகட்டையும் தடித்த நாரையும் நீக்கி நரம்புக்கு இடம் செய்வது. லாமினெக்டமி என்பர். சிறு கீறல் வழியே ஒரு பகுதியை மட்டும் நீக்குவதும் உண்டு. மற்றொன்று, இதனுடன் திருகாணி, கம்பி வைத்து எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவது. இதற்குச் செலவும் இரத்த இழப்பும் அதிகம். 2016-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில், 247 நோயாளிகளை இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, இணைப்பினால் கூடுதல் பயன் காணப்படவில்லை. எலும்பு நழுவியவர்களுக்குச் சிறிது நன்மை உண்டென அதே ஆண்டு அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. ஆகவே நழுவல் உண்டா, திருகாணி எதற்கு என்று டாக்டரைக் கேட்பது அங்கத்தினரின் உரிமை.

அறுவையால் கால் வேதனை தணியும் அளவிற்கு முதுகுவலி தணிவதில்லை. பலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் முற்றாமலே நிற்பதுண்டு. ஆதலால் முதலில் உடற்பயிற்சியும் மருந்தும் பார்த்துப் பொறுக்கலாம். ஆனால் சிறுநீர் கட்டினாலோ, ஆசனப் பகுதி மரத்தாலோ, கால் வலுவிழந்து வந்தாலோ, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கோரிமேட்டு ஜிப்மரில் எலும்பு, நரம்பு அறுவைப் பிரிவுகள் இரண்டும் உள்ளன. 1823-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது.

பெரியவரிடம், “திருகாணி வைக்கிறார்களா?” என்றேன். “கேட்கவில்லையே, ஐயா” என்றார். தொகை எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.