நரம்புவழிச் சிறுநீர்ப்பைக் கோளாறில் மருந்துத் தெரிவு: ஓர் அறிமுகக் குறிப்பு

முண்ணாண் காயமுற்ற ஒருவரைக் காணும்போது அவரது கால்களையே நாம் முதலில் நோக்குகிறோம். நடப்பாரா என்பதே உறவினரின் முதற் கேள்வி. ஆயின், மருத்துவ வரலாற்றை நோக்குமிடத்து, அத்தகையோரின் உயிரைப் பெரிதும் பறித்தது கால்களின் செயலிழப்பன்று, சிறுநீர்ப்பையின் செயலிழப்பே என்பது புலனாகும். முதலாம் உலகப் போரில் முண்ணாண் காயமுற்ற படைவீரருட் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றினாலும் படுக்கைப் புண்களினாலும் மாண்டனர். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு இந்நிலையை மாற்றுவதிற் பெரும் பங்கு கொண்டது.

இலக்கிய மாணவனொருவன் இவ்விடயம் பற்றி எழுதுவதேன் எனச் சிலர் வினவக்கூடும். யாழ்ப்பாணத்தார் ‘சலம்’ எனத் தணிந்த குரலிற் கூறும் அச்சொல்லைச் சூழ்ந்துள்ள வெட்கத்தினால், பனையிலிருந்து விழுந்து இடுப்பின்கீழ் உணர்விழந்த தொழிலாளியும், போரில் முதுகெலும்பு சிதைந்தவரும், தமக்கு வழங்கப்படும் மாத்திரை எது, ஏன் என்று கேளாதே இருந்துவிடுகின்றனர். மருந்துகளை ஒப்பிடும் அறிவு மருத்துவரின் தனியுடைமையாக இருக்கவேண்டியதில்லை.

சிறுநீர்ப்பைக்குத் தொழில்கள் இரண்டு: குறைந்த அழுத்தத்திற் சேமித்தல், உரிய வேளையில் முற்றாக வெளியேற்றல். சேமிக்கும்போது பரிவு நரம்புகள் பையின் சுவரைத் தளர்த்தி அதன் கழுத்தை இறுக்குகின்றன. வெளியேற்றும்போது பரபரிவு நரம்பு முனைகளிற் சுரக்கும் அசற்றைல்கோலின் சுவர்த்தசையைச் சுருக்குகின்றது. அதே கணத்தில் வாயிலிலுள்ள சுருக்குத்தசை தளர்கின்றது. இவ்விரண்டையும் இசைவிப்பது மூளைத்தண்டாகும். முண்ணாண் அதன் திருவெலும்புப் பகுதிக்கு மேலே அறுபடின் அவ்விசைவு குலைகின்றது. பை தானாகவே சுருங்க, வாயிலும் உடன் இறுகுகின்றது. மூடிய கதவில் மோதும் இவ்வழுத்தம் நாளடைவிற் சிறுநீரகங்களைச் சிதைக்கும். பையினுள் அழுத்தம் 40 சென்ரிமீற்றர் நீருயரத்தைக் கடந்த பின்னரே நீர் கசியுமாயின் ஆபத்து மிகுதி என்பதை, முதுகுத்தண்டுக் குறையுடன் பிறந்தோரை ஆராய்ந்து மக்குவயரும் குழுவினரும் 1981 இல் காட்டினர். எனவே மருந்தின் முதல் நோக்கம் உடை நனையாதிருத்தலன்று, அழுத்தத்தைத் தணித்தலே. (காயம் திருவெலும்புப் பகுதியிலேயே அமைந்தாற் பை சோர்ந்துவிடும். அதனைச் சுருங்கவைக்க முன்னர் கொடுக்கப்பட்ட பெத்தனிக்கோலின் பயன் உறுதிப்படவில்லை.)

அழுத்தத்தைத் தணிக்க முதலிற் கையாளப்படுவன அசற்றைல்கோலினின் செயலைத் தடுக்கும் மருந்துகள். ஒக்சிபியூட்டினின் 1975 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது, விலை குறைந்தது. டொல்டெரோடின், சொலிபெனசின், துரோஸ்பியம் என்பன பின்வந்தவை. பையைத் தளர்த்தும் ஆற்றலில் இவற்றிடையே பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு பக்கவிளைவுகளிலும் விலையிலுமே உள்ளது. ஒக்சிபியூட்டினின் வாயை வெகுவாக உலர்த்தும். மூளைக்குட் புகுந்து முதியோரின் நினைவைக் குழப்பவும் கூடும். துரோஸ்பியம் மூளையை எளிதில் அடைவதில்லை. மலச்சிக்கல் இவையனைத்துக்கும் பொது. முண்ணாண் காயத்தினால் ஏற்கெனவே குடலியக்கம் மந்தமானவருக்கு இது சிறு தொல்லையன்று. வாய் உலர்ந்தவர் மேலும் மேலும் நீர் அருந்துவார். பை மேலும் விரைவாக நிரம்பும். இம்மருந்துகள் வியர்வையையும் குறைப்பன. குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு அது பொருட்டன்று. தகரக் கூரையின்கீழ்ச் சித்திரை வெயிலிற் கிடப்பவருக்கோ உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு உயரலாம்.

மிராபெக்ரன் வேறு வழியிற் செயற்படுவது. பரிவு நரம்பின் பீற்றா-3 வாங்கிகளைத் தூண்டிப் பையைத் தளர்த்துகின்றது. வாய் உலர்த்துவது அரிது; இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். முண்ணாண் காயமுற்றோரில் இதன் வலிமைக்கான சான்று முன்னையவற்றினளவு திடமானதன்று. மாத்திரைகள் பயனளிக்காதவிடத்து, பைச்சுவரில் பொட்டுலினம் நச்சு ஊசி மூலம் ஏற்றப்படும். 2011 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு 200 அலகு அளவில் அங்கீகரிக்கப்பட்ட இச்சிகிச்சையின் பயன் பல மாதங்கள் நீடிக்கும். பின்னர் திரும்பவும் ஏற்றவேண்டும். டம்சுலோசின் போன்றவை கழுத்தைத் தளர்த்துவனவேயன்றிப் பையை அமைதிப்படுத்துவனவல்ல. எழுந்திருக்கும்போது இரத்த அழுத்தம் வீழ்கின்ற நோயாளியருக்கு இவற்றைக் கொடுப்பதில் அவதானம் வேண்டும்.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. பையை அமைதிப்படுத்துந்தோறும் அது தானாகக் காலியாகும் திறனை இழக்கின்றது. மருந்தின் வெற்றியே நீர்த்தேக்கத்துக்குக் காரணமாகின்றது. இம்முரண்பாட்டைத் தீர்த்தது மற்றொரு மாத்திரையன்று, ஒரு குழாய். 1972 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜக் லப்பிடிசும் குழுவினரும், நோயாளி தாமே நாளில் பலமுறை கத்தீற்றரை இட்டுப் பையை வெறுமையாக்கும் முறையை வெளியிட்டனர். நுண்ணுயிர் அறவே அற்ற கருவி இன்றியமையாததன்று, தூய்மையாகக் கழுவிய கையும் குழாயும் போதும் என்ற அவர்களது கருத்து அன்று பலருக்கு அதிர்ச்சியளித்தது. வறிய நாடுகளுக்கு அக்கருத்தினும் பயன்மிக்க மருந்து எதுவும் இத்துறையிற் பின்னர் வரவில்லை என்பேன். ஆயினும் அது சவர்க்காரம், நீர், தாழிடக்கூடிய அறை, கற்பித்துக்கொடுக்கும் தாதி ஆகியவற்றைக் கோருகின்றது.

மருந்தின் பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. பேராதனைப் பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், வணிகப் பெயரன்றிப் பொதுப்பெயராலேயே மருந்துகளைக் கொள்வனவு செய்து விலையைக் குறைத்தது. 1977 இன் பின்னர் அக்கொள்கை பெரிதும் தளர்த்தப்பட்டது. 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பெட்டியின் நிறத்தையும் வணிகப் பெயரையும் மட்டுமே அறிந்திருந்தவர் மாற்று மருந்தைத் தேடுவதெங்ஙனம்? ஒக்சிபியூட்டினின் என்னும் சொல் கரடுமுரடானதுதான். எனினும் நோயாளியின் துண்டில் அதுவே எழுதப்படவேண்டும்.

அத்துண்டில் எழுதவேண்டியது மற்றொன்றும் உண்டு. உயர் அழுத்தத்தினாற் சிறுநீரகம் சிதையும்போது பெரும்பாலும் வலி தோன்றாது; கசிவு நின்றமையால் நலமெனக் கருதுபவரிடத்தும் அது நிகழக்கூடும். எந்த மருந்தை உட்கொள்பவராயினும், சிறுநீரகத்தை ஒலியலைப் படத்தாலும் இரத்தப் பரிசோதனையாலும் காலந்தோறும் பார்ப்பிக்கவேண்டிய அடுத்த திகதி அதிற் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.