டேப்லெட்டுக்குப் பூட்டு வேணும், சாவி யார் கையில்?



உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிற சிலர், கொள்முதல் கணக்கைப் பேரேட்டில் எழுதுவதற்குப் பதிலாக டேப்லெட்டில் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். ஏற்றலாம். களத்துமேட்டிலேயே எடை போட்டு, அங்கேயே உறுப்பினர் பெயரில் பதிந்துவிடலாம். சாதாரண டேப்லெட் தூசிக்கும் மழைக்கும் தாங்காது என்பதால், முரட்டு வேலைக்கென்றே செய்த டேப்லெட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "கீழே விழுந்தா உடையாதே?" என்றுதான்.

நியாயமான கேள்வி. பெட்டியில் ஐ.பி. 68 என்று போட்டிருந்தால், 6 என்பது தூசி உள்ளே புகாது என்பதற்கு. 8 என்பது, கம்பெனி சொல்லும் ஆழத்தில், சொல்லும் நேரம் வரை தண்ணீரில் கிடந்தாலும் தாங்கும் என்பதற்கு. அமெரிக்க ராணுவத்தின் 810 என்ற சோதனை எண்ணும் போட்டிருக்கலாம். அதில் பல சோதனைகள் உண்டு. எல்லாவற்றையும் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எதெதைச் செய்தார்கள் என்று கேளுங்கள்.

இதெல்லாம் மேல் ஓட்டின் பலம். உள்ளே இருப்பது உறுப்பினர்களின் பெயர், வங்கிக் கணக்கு எண், யாருக்கு எவ்வளவு பாக்கி என்கிற விவரம். டேப்லெட்டைப் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டால், ஓடு உடையாமல் இருந்து என்ன பிரயோசனம்?

அதற்குத்தான் பூட்டு. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில், 2014-ல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்தே, குறிப்பிட்ட செயலியைத் தவிர வேறு எதுவும் திறக்காதபடி கட்டிவைக்க முடியும். எடை போடுகிற பையன் சினிமா பார்க்க முடியாது. கண்ட செயலியை ஏற்றவும் முடியாது. தொலைந்து போனாலும், அது இணையத்தில் சேர்ந்த உடனே, ஆபீஸில் இருந்தபடியே உள்ளே இருப்பதை அழித்துவிடலாம்.

சில கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. நம்ம பம்புசெட்டில் ஃபியூஸ் போனால் கம்பி சுற்றிப் போட்டுக்கொள்கிறோம், இல்லையா? சாம்சங் டேப்லெட்டுகளின் சில்லுக்குள்ளும் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டுக்காக ஒரு மின் ஃபியூஸ் உண்டு. கம்பெனி அனுமதிக்காத அடிப்படை மென்பொருளை யாராவது ஏற்றினால் அது எரிந்துவிடும். மறுபடி கம்பி சுற்ற வழியே இல்லை. டேப்லெட் ஓடும், ஆனால் நாக்ஸின் பத்திரமான அறை அதற்குப் பிறகு திறக்காது. "நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் எதையும் உடைச்சுத் திறந்து தருவான்" என்று யாராவது சொன்னால், கணக்கு வைக்கிற டேப்லெட்டை மட்டும் அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டே போவதிலும் வம்பு இருக்கிறது. மோட்டார் காயில் கருகினால், பக்கத்து டவுனில் வைண்டிங் செய்பவர் சரிசெய்து கொடுப்பார். செய்த கம்பெனியைத் தேடிப் போக வேண்டியதில்லை. பூட்டின டேப்லெட் அப்படி அல்ல. விற்றவர் கடையை மூடிவிட்டால், பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டால், நல்ல டேப்லெட் வெறும் பலகையாகிவிடும். டிராக்டரிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. ரிப்பேருக்கு வேண்டிய மென்பொருள், கருவி, கையேடு எல்லாவற்றையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கம்பெனி தந்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

டேப்லெட் பூட்டியிருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சாவி நிறுவனத்தின் பீரோவில் இருக்கணும், விற்பனையாளர் சட்டைப்பையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். டேப்லெட் முழுவதையும் கட்டுப்படுத்தும் நிர்வாகி அதிகாரத்தை, புதிதாக இருக்கும்போதோ, முழுக்க அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கும்போதோதான் ஏற்ற முடியும். விற்பவர் தன் பெயரில் ஏற்றித் தந்துவிட்டால், பிறகு அவர் பின்னாலேதான் அலைய வேண்டும்.

இன்னொன்று. கணக்குப் பிள்ளையின் சொந்த மின்னஞ்சலைப் போட்டு டேப்லெட்டைத் தொடங்காதீர்கள். அவர் வேலையை விட்டுப் போனபிறகு டேப்லெட் பூட்டிக்கொண்டு, நீங்கள் பட்டனை அமுக்கி அழித்துத் தொடங்கினாலும், பழைய மின்னஞ்சலையோ பழைய திரைப்பூட்டு எண்ணையோதான் அது கேட்கும். திருடனுக்காக வைத்த காவல், உங்களையே வாசலில் நிறுத்திவிடும். நிறுவனத்தின் பெயரிலேயே மின்னஞ்சல் தொடங்கி, பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி, தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள்.

பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றக்கூடிய டேப்லெட்டாக இருந்தால் ரொம்ப நல்லது. இந்த வகையில் அப்படிப்பட்டவை கிடைக்கின்றன. பாதுகாப்புத் திருத்தம் எத்தனை வருஷத்துக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு டேப்லெட்டில் 10 நாள் எடை பதிந்து பாருங்கள். பதினோராவது நாள், விற்பனையாளர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த 10 நாள் கணக்கையும் வேறு கம்ப்யூட்டரில் சாதாரண அட்டவணையாக எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க வரவில்லை என்றால் செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.