நாக்கு சொல்லாததை மின்முனை சொல்லும்

மருந்தின் கசப்பு குழந்தைக்குத் தெரியக் கூடாது என்றுதான் சிரப்பில் இனிப்பும் வாசனையும் சேர்க்கிறார்கள். சங்கடம் என்னவென்றால், வேண்டாததைத் துப்பும் நாக்கையும் அவை மயக்கிவிடுகின்றன. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பின் ஒரு தொகுப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது தெரியவந்தது. அதற்குள் மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் இறந்திருந்தார்கள். அந்த நஞ்சும் இனிக்கும்.

நாக்கை நம்ப முடியாத இடத்தில் கருவிதான் துணை. அதே மாவட்டத்து ஏனாத்தூர் பெட்டிக்கடையில் வாங்கும் வெனிலா பிஸ்கட்டையே எடுத்துக்கொள்வோம். 1874இல் ஜெர்மனியில் முதன்முதலாகச் செயற்கையாக உருவாக்கிய வெனிலின் என்ற மணப்பொருள்தான் இன்று உலகெங்கும் மணக்கிறது. வெனிலா காயிலிருந்து வருவது சொற்பம்.

பிஸ்கட்டில் வெனிலின் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது மின்வேதி உணரி. சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் பட்டையின் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். கார்பன் மின்முனை மீது கரைசலை ஒரு சொட்டு விட்டு, மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். சுமார் அரை வோல்ட்டைத் தாண்டியதும் வெனிலின் எலக்ட்ரான்களை இழக்கும். திரையில் மின்னோட்டம் ஒரு முகடாக எழும். முகடு உயர உயர, வெனிலின் அதிகம். கிராஃபீனோ தங்க நுண்துகளோ பூசினால் மிகக் குறைந்த அளவும் சிக்கும்.

சிக்கல்களும் உண்டு. சிரப்பிலுள்ள பாராசிட்டமாலும், பழச்சாற்றிலுள்ள வைட்டமின் சியும் இதே மின்முனையில் எலக்ட்ரான்களை விடும். முகடுகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். வினையில் உண்டாகும் படலம் மின்முனையில் ஒட்டிக்கொள்வதால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பட்டைதான் வசதி. வெனிலின் காயில் விளைந்ததா, ஆலையில் பிறந்ததா என்பதையும் இது சொல்லாது, மூலக்கூறு ஒன்றேதான். அதற்குக் கார்பன் ஐசோடோப்பு சோதனை வேண்டும். கிளைக்கால் நஞ்சும் இந்தப் பட்டையில் தெரியாது. அதற்கு வாயு நிறப்பிரிகைக் கருவி வேண்டும்.

மின்வேதியியலுக்குத் தமிழ்நாட்டிலேயே தாய்வீடு உண்டு: அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தர, 1953இல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். ஆய்வகத்திலிருந்து உத்திரமேரூர் கடைத்தெரு வரை கருவி வர வேண்டும் என்பதே இப்போதைய தேவை. உணவு மாதிரியை ஆய்ந்து அறிக்கை தர, உணவுப் பாதுகாப்புச் சட்டம் பகுப்பாய்வாளருக்கு 14 நாள் தருகிறது. அதற்குள் பிஸ்கட் விற்றுத் தீர்ந்திருக்கும். சந்தேகத்துக்குரியதை அங்கேயே சலித்தெடுக்கப் பட்டை, தீர்ப்புச் சொல்ல ஆய்வகம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் இரண்டுக்கும் பயன் உண்டு.