வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற அன்னாசி எது?

ரப்பர் மரத்திற்கும் அன்னாசிக்கும் உள்ள உறவு நீண்ட நாளையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் ரப்பர்க் கன்றுகள் வளர்ந்து பால் தரும் வரையில், அவற்றின் இடையே அன்னாசியைப் பயிரிட்டு வருவாய் தேடினர். இன்றும் தோட்டக் குடியிருப்புகளில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை ஆகியவற்றோடு வேலியோரத்தில் சில அன்னாசிச் செடிகளை நாம் காண்கிறோம்.

ஆயினும், பலர் கிடைத்த கன்றை நட்டுவிட்டு, எவ்வகைப் பழம் வருமென்று அறியாமலே காத்திருக்கின்றனர். நட்டபின் பழம் பறிக்க ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். பழம் நம் வாய்க்குப் பிடிக்காமற் போனால், அத்தனை நாள் உழைப்பும், இருக்கின்ற சிறு நிலமும் வீணாகும். எனவே, நடுமுன் வகையறிந்து தேர்ந்தெடுப்பது நன்று.

நான்கு வகைகள்

மோரிஸ்: நம் நாட்டுச் சந்தைகளில் நெடுங்காலமாக அறிமுகமானது. பழம் நீண்டு, ஏறத்தாழ ஒரு கிலோ எடையிருக்கும். சதை பொன்னிறமானது; மொறுமொறுப்பும் மணமும் உடையது. பச்சடிக்கும் குழம்பிற்கும் நறுக்கினாலும் குழையாது. இலையின் ஓரம் முழுதும் முள் இருப்பதால், குழந்தைகள் ஓடியாடும் பாதையோரத்தில் இதனை நடலாகாது.

சரவாக்: பெரிய பழம், இரண்டு கிலோவிற்கு மேலும் வளரும். சதை வெளிர்மஞ்சள், சாறு மிகுதி, இனிப்போடு புளிப்பும் கலந்திருக்கும். இலை நுனியில் மட்டுமே முள் உண்டு. பெரிய குடும்பத்திற்கு ஏற்றது.

ஜோசாபைன்: ஜொகூர், சரவாக் ஆகிய இருவகைகளைக் கலந்து, மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டி உருவாக்கி, 1996இல் வெளியிட்டது. பெயரிலேயே இரு பெற்றோரும் இருக்கக் காணலாம். பழுத்தால் தோல் செம்மஞ்சளாகும். மணமும் இனிப்பும் மிக்கது, விரைவில் காய்ப்பது.

எம்.டி.2: ஹவாயில் கலப்பின முறையில் உருவாகி, 1990களில் கோஸ்தாரிக்காவிலிருந்து உலகச் சந்தைக்குப் பரவியது. புளிப்புக் குறைவு, இனிப்பு மிகுதி. ஆனால் நீர் தேங்கும் நிலத்தில் இதன் குருத்து எளிதில் அழுகிவிடும். மேட்டுப்பாத்தி அமைக்க இயலாதவர்கள் இதனைத் தவிர்ப்பதே நலம்.

இவையன்றி, காண்டுல் என்னும் வகையும் உண்டு. அது பெரும்பாலும் டின்களில் அடைப்பதற்கென வளர்க்கப்படுவது. உண்பதற்கென்றே நடுவோர் மேற்கூறிய நான்கில் ஒன்றைக் கொள்ளலாம்.

சுவைத்த பின் நடுக

அன்னாசி விதையால் அன்றி, கன்றாலும் கொண்டையாலும் பெருகுவது. ஆதலால் தாய்ச் செடியின் வகையே மீண்டும் வரும். இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. சந்தையில் வாங்கிய பழம் சுவையாக இருந்தால், அதன் கொண்டையைத் திருகியெடுத்து, அடியிலைகள் சிலவற்றை உரித்து, சில நாள் நிழலில் உலர்த்தி நடலாம். செலவில்லை. ஆனால் பக்கக்கன்றைவிடக் கொண்டை காய்ப்பதற்குச் சில மாதங்கள் கூடுதலாகும். அண்டை வீட்டாரிடம் நல்ல செடி இருப்பின், கன்று கேட்டு வாங்குவது மேலும் சிறந்தது.

நடும் முறை

வெயில் நன்கு படும் இடம் வேண்டும். முதிர்ந்த ரப்பர் மரங்களின் நிழலில் செடி வளர்ந்தாலும் பழம் சிறுத்துவிடும். சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை அன்னாசி விரும்பும். நம் தோட்டப் பகுதிகளின் செம்மண் மேடுகள் இதற்கு ஏற்றவை. செடிக்குச் செடி ஓரடியும், வரிசைக்கு வரிசை இரண்டடியும் இடைவெளி போதும். குருத்துக்குள் மண் விழாதபடி நடவேண்டும். எறும்புகள் ஏறினால் கவனிக்க வேண்டும். அவையே வாட்டநோய்க்குக் காரணமான மாவுப்பூச்சியைச் சுமந்து வருகின்றன.

பறிக்கும் காலம்

அணிலுக்கும் குரங்குக்கும் அஞ்சி, காயாகவே பறிப்போர் பலர். வாழையைப் போன்று அன்னாசி பறித்தபின் இனிக்காது. தோலின் நிறம் மாறினாலும், உள்ளே சர்க்கரை கூடுவதில்லை. ஆகவே, பழத்தைச் சாக்கினால் மூடிக் காத்து, அடிப்பகுதி மஞ்சளாகி மணம் வீசிய பின்னரே பறிக்க வேண்டும்.

முதற்பழம் பறித்தபின் செடியைப் பிடுங்கிவிட வேண்டாம். ஒரு பக்கக்கன்றை மட்டும் விட்டு வைத்தால் அது மறுமுறை காய்க்கும். மற்றவற்றைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்போம். நல்ல வகையொன்று ஒரு வீட்டில் இருப்பின், சில ஆண்டுகளில் குடியிருப்பு முழுவதும் அச்சுவையை அறியும்.