வெக்ட்ரெக்ஸ்

வெக்ட்ரெக்ஸ் என்பது 1982 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஒரு நிகழ்பட ஆட்டக் கருவி ஆகும். தொலைக்காட்சியுடன் இணைக்கத் தேவையின்றி, இதற்கெனத் தனித்திரை இதனுள்ளேயே அமைந்திருந்தது. வணிக முறையில் ஈராண்டுகளும் நிலைக்காத இக்கருவி, பின்னர் உருவான ஆர்வலர் சமூகத்தின் முயற்சியால் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

வரலாறு

ஜே ஸ்மித் என்பவரின் நிறுவனம் இதனை வடிவமைத்தது. ஜெனரல் கன்சியூமர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 199 டாலர் விலையில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983 இல் அந்நிறுவனத்தை மில்டன் பிராட்லி நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டில் வட அமெரிக்க நிகழ்பட ஆட்டச் சந்தை பெரும் வீழ்ச்சியுற்றதால், 1984 இல் இதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது.

தொழில்நுட்பம்

வழமையான தொலைக்காட்சியில் மின்னணுக் கற்றை திரை முழுவதையும் வரிவரியாக வருடிப் படத்தை உருவாக்குகிறது. வெக்ட்ரெக்சில் அக்கற்றை, பேனாவால் கோடு வரைவது போல, தேவையான கோடுகளை மட்டும் நேரடியாக வரைகிறது. எனவே சாய்ந்த கோடுகளும் படிக்கட்டு போலத் தோன்றாமல் கூர்மையாகத் தெரிகின்றன. 9 அங்குலத் திரை கறுப்பு வெள்ளையில் மட்டுமே இயங்கியது. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்துடனும் வண்ணமிட்ட ஒளிபுகும் நெகிழித் தகடு ஒன்று, திரையின்மேல் பொருத்துவதற்காக வழங்கப்பட்டது. இதன் செயலி மோட்டோரோலா 6809 வகையைச் சேர்ந்தது. நினைவகம் 1 கிலோபைட்டு ஆகும்.

மைன் ஸ்டோர்ம் என்னும் ஆட்டம் கருவியிலேயே உள்ளிடப்பட்டிருந்தது. அதிலிருந்த ஒரு வழுவினால் 13 ஆம் நிலைக்குப் பின் ஆட்டம் நின்றுவிடும். முறையிட்டவர்களுக்கு மட்டும், திருத்தப்பட்ட ஆட்டம் தனிப் பொதியுறையாக (இந்தியாவில் ஆட்டப் பொதியுறைகள் "கேசட்" என வழங்கப்பட்டன) அனுப்பப்பட்டது. அப்பொதியுறை இன்று சேகரிப்பாளர்கள் தேடும் அரும்பொருளாகும்.

ஆர்வலர் சமூகம்

தயாரிப்பு நின்றபின் உரிமைகள் ஜே ஸ்மித்தின் நிறுவனத்திடம் திரும்பின. 1990களின் நடுப்பகுதியில், வெக்ட்ரெக்ஸ் மென்பொருள்களை வணிக நோக்கமின்றிப் படியெடுத்துப் பகிர அந்நிறுவனம் இசைவளித்தது. வேறு பல பழைய கருவிகளின் ஆர்வலர்களுக்குக் கிட்டாத வாய்ப்பு இது. இதனால் பழைய ஆட்டங்கள் அழியாமல் காக்கப்பட்டன. 1996 இல் ஜான் டான்ட்சிலா, வெக்டர் வேடர்ஸ் என்ற ஆட்டத்தைத் தனிமுயற்சியாக எழுதி வெளியிட்டார். அதன்பின் உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆர்வலர்கள் புதிய ஆட்டங்களையும், பல ஆட்டங்களை ஒன்றாக அடக்கிய பொதியுறைகளையும், வண்ணத் தகடுகளையும் உருவாக்கத் தொடங்கினர்.

பாதுகாத்தலில் உள்ள சிக்கல்

வெக்ட்ரெக்சைப் போலவே இயங்கும் மென்பொருள்களைக் கொண்டு இதன் ஆட்டங்களைக் கணினியில் ஆடலாம். எனினும், இன்றைய திரைகள் புள்ளிகளால் ஆனவை. ஆதலால் மூலக்கருவியில் காணும் கோட்டின் ஒளிர்வை அவற்றால் முழுமையாகக் காட்ட இயலாது. ஆட்டங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் படியெடுக்கலாம். படக்குழாயை அவ்வாறு படியெடுக்க முடியாது. இத்தகைய குழாய்களின் உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிட்ட நிலையில், எஞ்சியுள்ள கருவிகளைப் பழுதுபார்த்துப் பேணுவது இச்சமூகத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக உள்ளது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், பயிற்சியற்றோர் இக்கருவியைத் திறத்தல் ஆபத்தானது.