குரு இல்லாத நாட்கள்

மாணவன் தன் முன்னே அமர்ந்திருக்கும்போது அவனுக்கு அறிவூட்டுதல் அரிதன்று. தான் அருகில் இல்லாத நாளிலும் அவன் நெறி பிறழாது நிற்குமாறு ஆக்கிவிடுதலே அரிது. ஆசிரியத் தொழிலில் ஊன்றிய எவரும் இதனை அறிவர். சமயநெறியிற் பிறரை வழிநடத்துவோர்க்கு இஃது இன்னும் கடுமையான சோதனையாகும். ஆங்கே வினாத்தாள் இல்லை, வாழ்க்கையே பரீட்சை. ஈழநாட்டில் அப்பரீட்சையில் நன்கு தேறிய ஆசான் ஒருவரைத் தேடினால், யோசவ்வாஸ் அடிகளாரே முதலில் நினைவுக்கு வருகின்றார்.

கோவாவில் பெனாலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு பிறந்த அடிகளார், 1687ஆம் ஆண்டு ஈழத்துக்கு வந்தார். 1658இல் பறங்கியரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு அகற்றினர். குருவுக்குப் புகலிடம் அளிப்பதும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, குருவின் முகத்தைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அம்மக்களைத் தேடி அடிகளார் இரவலர் கோலத்தில் வீடு வீடாகச் சென்றார். கழுத்திலே செபமாலை அணிந்திருந்தார். அதனைக் கண்டு எவர் உள்ளத்தில் நாட்டம் பிறந்ததோ, அவர்களையே தாம் தேடி வந்தவர்கள் எனத் தெரிந்துகொண்டார். யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமம் அவருக்கு அரணாயிற்று.

ஆயின், குரு ஒருவர், ஊர்களோ பல. இன்று ஓரூரில் தங்கினால் மீண்டும் அவ்வூருக்கு எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. ஆதலால், தம்மையே நம்பியிருக்கும் கூட்டமொன்றைச் சேர்ப்பதில் அவர் மனம் செல்லவில்லை. பறங்கியர் காலத்திலிருந்தே வழக்கில் இருந்த மூப்பர், அண்ணாவி என்னும் பொறுப்புகளுக்குப் புத்துயிர் அளித்தார். மூப்பர் சபையை நடத்துவார். அண்ணாவி செபங்களைக் கற்பித்து, மக்கள் கூடும்போது முன்னின்று சொல்லுவார். சாகுந் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கவும், மரணப் படுக்கையில் இருப்பவரின் அருகிருந்து செபிக்கவும் ஊரவருட் சிலர் பயிற்றப்பட்டனர்.

அண்ணாவி என்னும் சொல்லைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். திண்ணைப் பள்ளி ஆசானையும் கூத்துப் பழக்கும் ஆசானையும் நம்மவர் அண்ணாவியார் என்றே அழைத்தனர். கூத்துக் களரியில் அண்ணாவியார் ஒருபுறம் நிற்பார், ஆடுகின்றவன் வேறொருவன். எத்தனை இரவு பழக்கியிருப்பினும், அரங்கேற்றத்தன்று அவனுக்காக அவர் ஆடமுடியாது. சமய வழிகாட்டிக்கும் இதுவே நிலை.

அரங்கேற்றம் விரைவிலேயே வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு நத்தார் இரவில், மறைவாகக் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தர் சூழ்ந்துகொண்டனர். அடிகளார் அவர்கள் கையில் அகப்படவில்லை. அடியார் பலர் பிடிபட்டனர். ஒல்லாந்தர் சபையை விட்டு அண்மையிலே திரும்பியிருந்த தொன் பெத்ரோ என்பவர் அடியுண்டு உயிர்நீத்தார். ஏனையோருட் சிலர் சிறைப்பட்டு வருந்தினர். குரு ஊட்டிய நம்பிக்கைக்குச் சீடர் தம் உடலால் விலை கொடுத்தனர்.

குரு தப்பினார், சீடர் அகப்பட்டனர். இஃது என்ன வழிகாட்டல் என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. பிறரைத் துன்பத்துக்கு ஆளாக்கித் தான் ஒதுங்கிக்கொள்ளும் வழிகாட்டியை உலகம் மதிப்பதில்லை. அடிகளாரின் பின்னைய வாழ்வே இவ்வினாவுக்கு விடை. புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குச் சென்ற அவர், பறங்கியரின் ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு நீங்கினர். உறவினரே நோயாளரைக் கைவிட்டனர். அடிகளாரோ தம் மருகரான யோசேப் கர்வால்யோ அடிகளுடன் அங்கேயே தங்கி, சமய வேறுபாடு கருதாது நோயாளருக்குப் பணிவிடை செய்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். இளங் குருவானவர் அங்கே பெற்ற பாடம் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதன்று. தாம் பிறரிடம் வேண்டிய துணிவைத் தாமே செய்து காட்டியதனால், அடிகளாரின் சொல்லுக்கு வலிமை உண்டாயிற்று.

வழிகாட்டியின் பெருந்தன்மையை அளக்க இன்னுமொரு கோல் உண்டு. தன்னிடம் இல்லாத ஆற்றலைச் சீடனிடம் கண்டால் அவன் என்ன செய்கின்றான்? 1705ஆம் ஆண்டு கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளிடம் மொழித்திறன் மிக்கிருந்தது. அதனை உணர்ந்த அடிகளார், நூல் இயற்றும் அளவுக்குச் சிங்களம் கற்குமாறு அவரைக் கண்டியில் அமர்த்தினார். ஊழியத்துக்கு ஆள் போதாத காலம் அது. ஒரு குருவை ஏட்டின்முன் இருத்துவது பலருக்கு வீண்செலவாகத் தோன்றியிருக்கும். ஆயினும் அச்செலவு வீண்போகவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் கொன்சால்வெஸ் அடிகள் பல நூல்களை இயற்றினார், அகராதியும் தொகுத்தார். தமிழ் மக்கள் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்றனர். அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் நம் கத்தோலிக்க ஊர்களிலே தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு வந்துள்ளது. தாம் நடவாத பாதையிலே சீடரை நடக்கவிட்டமையே ஆசானின் சிறப்பு.

1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆந் திகதி அடிகளார் கண்டியிலே காலமானார். கொன்சால்வெஸ் அடிகள் அதன்பின் 31 ஆண்டுகள் பணிபுரிந்து 1742இல் மறைந்தார். ஒல்லாந்தர் ஆட்சியோ 1796வரை நீடித்தது. அவ்வளவு காலமும் கிராமங்களிலே விளக்கு அணையாது காத்தவர்களுட் பெரும்பாலோரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்கள் மூப்பர்கள், அண்ணாவிகள், பிள்ளைகளுக்குச் செபஞ் சொல்லிக்கொடுத்த தாய்மார்.

2015ஆம் ஆண்டு தை 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். பெருங்கூட்டம் அங்கே திரண்டது. ஆயினும் அவருடைய ஆசிரியப் பணியின் வெற்றியை அத்திடலில் அன்று, அவர் கால் படாத நாட்களில் அவ்வூர்களில் நடந்தவற்றிலேயே காணவேண்டும். எச்சமயத்தைச் சார்ந்த ஆசானுக்கும், சமயமே பேசாத வகுப்பறை ஆசானுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். மாணவர் நம்மைப் புகழ்கின்றனரா என்று கேட்பதை விடுத்து, நாம் வராத நாளில் வகுப்பு எவ்வாறு நடக்கின்றது என்று கேட்டுப் பார்ப்போமாக.