சதுரங்கக் கணினியில் தேடல் நீட்சி: ஒரு விளக்கம்

1997 ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' கணினி, உலகச் சதுரங்க வீரர் கஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்றது. நொடிக்கு இருபது கோடி நிலைகள் வரை ஆராயும் பொறி மனிதனை வெல்வதில் வியப்பில்லை எனப் பலரும் கருதினர். இக்கருத்து முழு உண்மையன்று. எவ்விடத்தில் மேலும் ஆழ்ந்து நோக்குவது என்னும் தெரிவும் அவ்வாற்றலின் அடிப்படையாகும். அதனையே நாம் 'தேடல் நீட்சி' என்கிறோம்.

ஆட்டத் தொடக்கத்தில் இரு தரப்பினரும் ஒருமுறை காய் நகர்த்தியதுமே 400 நிலைகள் தோன்றலாம். நடு ஆட்டத்திலோ ஒரு நிலைக்குச் சராசரி 35 நகர்வுகள் உள. ஆதலால் எப்பொறியும் ஓர் ஆழத்தில் நின்றேயாக வேண்டும். அதற்கு அப்பாலுள்ளது அதற்குப் புலப்படாது. அரசியை இழப்பது உறுதியான ஒரு நிலையில், பொறி வீணே சிப்பாய்களைப் பலியிட்டு அவ்விழப்பைத் தன் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு, அரசி தப்பியதெனக் கணக்கிடும். ஹான்ஸ் பேர்லினர் 1973 இல் 'தொடுவான விளைவு' எனச் சுட்டிய குறைபாடு இதுவே.

இதற்குப் பரிகாரமாக, நெருக்கடியான நகர்வுகளுக்கு மட்டும் ஒரு படி கூட்டித் தேடும் முறை எழுந்தது. அரசனுக்குச் 'செக்' வைக்கப்படும் நிலை இதற்குப் பழைய உதாரணம். ஆயின் நெருக்கடி எப்போதும் இவ்வாறு வெளிப்படையாய் அமைவதில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'சிப்டெஸ்ட்', 'டீப் தோட்' ஆகிய பொறிகளை உருவாக்கிய ஃபெங் சியுங் சூ, மரே காம்பெல், பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்திற் பயின்ற தோமஸ் அனந்தராமன் ஆகிய மூவரும் 1988 இல் புதியதொரு வழியை முன்வைத்தனர். ஒரு நகர்வு ஏனையவற்றைக் காட்டிலும் குறித்த அளவு மேம்பட்டிருப்பின், ஆட்டத்தின் கதி அவ்வொன்றிலேயே தங்கியுள்ளது. ஆகவே அதனை மேலும் ஆராய்க என்பதே அதன் சாரம். இது 'தனிநகர்வு நீட்சி' எனத்தகும். அவ்வாண்டிலேயே டீப் தோட், கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனைப் போட்டி ஆட்டமொன்றில் வென்றது. டீப் புளூ அதன் வழித்தோன்றலே.

நீட்சியை அளிப்பதினும் அதனைக் கட்டுப்படுத்துவதே கடினம். ஒவ்வொரு படியிலும் ஒரு படி கூட்டப்படின், எஞ்சிய ஆழம் குறையவே மாட்டாது, தேடலும் முடிவுறாது. எனவே ஒரு கிளை தொடக்க ஆழத்தின் இருமடங்கைக் கடத்தலாகாது என்பது போன்ற வரம்பு விதிக்கப்படுகின்றது. சில நிரல்கள் அரைப் படி, கால் படியாக வழங்கி, காரணங்கள் பல சேர்ந்தபோதே முழுப்படி நீட்டின. மேலும், ஒரு நகர்வின் தனித்தன்மையை அறிய ஏனையவற்றையும் தேடவேண்டும், அதுவே பெருஞ்செலவு. இன்றைய நிரல்கள் முன்னர் சிறந்ததெனக் கண்ட நகர்வை ஒதுக்கி, மற்றவற்றைக் குறைந்த ஆழத்தில் சோதிக்கின்றன. அவை யாவும் பின்தங்கினாலே நீட்சி வழங்கப்படும். பயனற்றவையெனத் தோன்றும் நகர்வுகளின் ஆழத்தைக் குறைத்து அச்செலவு ஈடுசெய்யப்படுகின்றது.

எந்த நீட்சி பயன் தரும் என்பதை ஊகத்தால் தீர்மானித்தல் இயலாது. 'ஸ்டொக்ஃபிஷ்' என்னும் திறந்த நிரலில் செய்யப்படும் மாற்றங்கள், 2013 முதல் தன்னார்வலர் பலர் தம் கணினிகளின் நேரத்தை ஈந்து நடத்தும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களாற் சோதிக்கப்படுகின்றன. ஒரு பெருநிறுவனத்தின் தனிப்பொறி அன்று ஈட்டிய வல்லமையை, பலரது கூட்டுழைப்பு இன்று விஞ்சிநிற்கின்றது. களனியிலோ வெள்ளவத்தையிலோ சாதாரணக் கணினியொன்றை உடைய மாணவரும் அந்நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், சோதிக்கலாம்.

வளம் குன்றிய நாட்டின் ஆய்வாளர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. வேகம் விலைக்குக் கிடைப்பது. எதனை ஆழ ஆராய்வது, எதனை விடுவது என்னும் தெரிவோ சிந்தனையால் மட்டுமே கைவருவது.